ஈசிஜி அக்காவின் சொந்தக் கோப்பு

முதலில் கால்கள். இடது கணுக்காலில் பச்சைக் கிளிப், வலதில் கறுப்பு. பிறகு நெஞ்சில் ஆறு ரப்பர்க் குமிழ்களை வரிசையாக ஒட்டிக்கொள்வார். கடைசியாகக் கைகள்: வலது மணிக்கட்டில் சிவப்பு, இடதில் மஞ்சள். அப்படியே மெல்லச் சாய்ந்து படுத்து, பக்கத்து மேசையில் இருக்கும் இயந்திரத்தின் பொத்தானை ஒற்றை விரலால் அமுக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். கொஞ்ச நேரத்தில் இளஞ்சிவப்புக் கட்டம் போட்ட தாள் சரசரவென்று வெளியே வரும். காலை ஏழே முக்காலுக்கு, முதல் நோயாளி வருவதற்குக் கால் மணி நேரம் முன்பு, ஈசிஜி அறை உள்ளே தாழிட்டிருந்தால் அக்கா தனக்குத் தானே ஈசிஜி எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

மூன்று வருடங்களுக்கு மேல் இது நடந்தது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், எதிர் அறைதான் என்னுடையது. மருத்துவமனையின் பழைய கோப்புகளை எல்லாம் கட்டிக் காக்கும் ரெக்கார்டு அறை. அக்கா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, "ஏய் ரெக்கார்டு" என்றுதான் கூப்பிடுவார். எட்டு மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு வந்து, மடித்த தாளை என் மேசையில் வைத்து, "பத்திரமா வை ரெக்கார்டு, யாருக்கும் தெரிய வேணாம்" என்பார். நானும் காதும் காதும் வைத்த மாதிரி ஒரு கோப்பில் சேர்த்து வைத்தேன். அந்தக் கோப்புக்கு எண் கிடையாது. நோயாளியின் பெயர் எழுத வேண்டிய இடமும் காலி. என் இருபது வருட வேலையில் நான் செய்த ஒரே திருட்டுத்தனம் அதுதான்.

மருத்துவமனையில் எல்லோருக்கும் அவர் ஈசிஜி அக்கா. ஐம்பத்தொரு வயது. கட்டையான உருவம், சுறுசுறுப்பான கை. நோயாளிகளிடம் பேச்செல்லாம் ஒரே மெட்டில் வரும். "வாட்ச், மொபைல் எல்லாத்தையும் டிரேல போடுங்க. சட்டையக் கழட்டுங்க. ஜில்லுனு இருக்கும், துள்ளாதீங்க. கைய இறுக்காதீங்க, நான் என்ன ஊசியா போடப்போறேன்?" பயிற்சிக்கு வரும் பெண்கள் சிவப்பையும் மஞ்சளையும் கை மாற்றிப் போட்டுவிட்டால் தொலைந்தார்கள். "சிவப்பு வலது கைக்கு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லணும். மாத்திப் போட்டா கோடு தலைகீழா வரும். நல்லா இருக்கிற மனுஷனை நீ நோயாளி ஆக்கிடுவ" என்று வறுத்தெடுத்துவிடுவார்.

தாள் வெளியே வந்ததும் நோயாளி தாளைப் பார்க்க மாட்டார், அக்காவின் முகத்தைத்தான் பார்ப்பார். அது மனித இயல்பு. "எப்படிம்மா இருக்கு? நார்மல்தானே?" என்று கெஞ்சாதவர்கள் குறைவு. அப்போது அக்காவின் முகம் மரக்கட்டையாகிவிடும். கண் இமை கூட அசையாது. "டாக்டர் சொல்வாரு." அவ்வளவுதான். டெக்னீஷியன் முடிவைச் சொல்லக் கூடாது என்பது விதி. மற்றவர்கள் ஒரு புன்னகையிலாவது குறிப்புக் கொடுத்துவிடுவார்கள். அக்காவிடம் அந்தக் கதையே கிடையாது. நல்ல மனசுள்ள பொம்பளை இதில் மட்டும் ஏன் இப்படிக் கல்நெஞ்சாக இருக்கிறார் என்று நான் பல நாள் நொந்துகொண்டிருக்கிறேன்.

மற்றபடி அக்காவுக்குச் சில விசித்திரங்கள் உண்டு. கைக்கடிகாரத்தை அடிக்கடி பார்ப்பார். நேரம் கேட்டால் மட்டும் தெரியாது, ஏனென்றால் அவர் பார்த்தது மணியை இல்லை, விரலை மணிக்கட்டில் வைத்து நாடியை எண்ணிக்கொண்டிருந்தார். சினிமாவுக்குப் போனால் கடைசி வரிசையில் கதவோரம். காபி குடிக்க மாட்டார். வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், பாவம், எங்கே அழைத்துப் போனாலும் மருத்துவமனை இருக்கும் தெருக்களாகப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். நேராகப் போனால் பத்து நிமிடத்தில் முடியும் கடைக்குத் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற மாதிரி அரை மணி நேரம் போவார்கள். "இந்த ஊர்ல எந்த ஆஸ்பத்திரிக்கு எத்தனை வாசல்னு என்னைக் கேளுங்க" என்று அந்த மனிதர் ஒரு நாள் என்னிடம் சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் சிரிப்பே இல்லை.

நாள் முழுக்க என் அறைக்கு வந்து போவார். ஒரே கேள்வி. "ரெக்கார்டு, என் முகம் வெளுத்திருக்கா பாரு." நான் தலையைத் தூக்காமலே, "நல்லாத்தான் இருக்கீங்கக்கா" என்பேன். நிம்மதியாகப் போவார். அரை மணி நேரத்தில் திரும்பி வருவார். ஒரு நாள் விளையாட்டாக எண்ணிப் பார்த்தேன், இருபத்தாறு தடவை.

இதெல்லாம் ஒரு பேருந்தில் தொடங்கியது. அக்காவுக்கு ஒரே மகள். கல்யாணம் ஆகி ஆறு மணி நேரப் பயணத் தூரத்தில் இன்னொரு ஊரில் இருக்கிறாள். நான்கு வருடங்களுக்கு முன்பு அவளைப் பார்க்கக் கிளம்பிய அக்காவுக்கு வழியில், சுற்றிலும் வெட்டவெளி, ஒரு கட்டடம் கூட இல்லாத இடத்தில், திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. "படபடன்னு இல்லடி, தடதடன்னு. கை வெலவெலத்துப் போச்சு. மூச்சு உள்ள போகுது, பத்தவே மாட்டேங்குது. விரலெல்லாம் மரத்துப் போச்சு. அவ்வளவுதான், முடிஞ்சுதுன்னு நினைச்சேன்." பேருந்தை நிறுத்தச் சொல்லி இறங்கி, வந்த வழியே போகும் ஒரு லாரியில் ஏறித் திரும்பிவிட்டார். எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள். ரத்தம், தைராய்டு, ஓடும் பட்டையில் நடக்கவைத்து எடுக்கும் சோதனை, ஒன்றிலும் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அடுத்த நாள் காலை ஏழே முக்காலுக்குக் கதவு தாழிட்டிருந்தது.

அதற்குப் பிறகு அக்கா ஊர் எல்லையைத் தாண்டவில்லை. மகளுக்கு முதல் குழந்தை பிறந்தபோதும் போகவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றார். லீவு விண்ணப்பமே அவர் கொடுக்கவில்லை என்பது, கோப்புகளோடு குடும்பம் நடத்தும் எனக்குத் தெரியாதா? வீட்டுக்காரர் இரண்டு தடவை வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். இரண்டு தடவையும் ஊர் முடிகிற இடத்தில் அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு அழ, வேன் திரும்பியது. பேத்திக்கு இப்போது மூன்று வயது. அவளை அக்கா மொபைல் திரையில்தான் கொஞ்சியிருக்கிறார். கன்னத்தைக் கிள்ளுவதாக நினைத்துத் திரையைக் கிள்ளும்போது படம் பெரிதாகும். குழந்தை அந்தப் பக்கம் சிரிக்கும், நான் இந்தப் பக்கம் கோப்புக்குள் தலையைக் குனிந்துகொள்வேன்.

மகள் மறுபடி உண்டானாள். நான்காவது மாதத்தில் ரத்தப்போக்கு ஏற்பட்டு, படுக்கையை விட்டு நகரவே கூடாது, பயணம் பேச்சுக்கே இடமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று மதியம் அக்காவின் போன் ஒலித்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். மகளின் குரல் வெளியே கேட்டது. "நீ வர வேணாம்மா. அத்தை பாத்துக்குவாங்க. நீ ஒண்ணும் டென்ஷனாகாத."

கோபமாகச் சொல்லியிருந்தால் கூடத் தாங்கியிருப்பார். அவள் ஆறுதலாகச் சொன்னாள். அம்மா வர மாட்டாள் என்பது அவளுக்குப் பழகிப்போயிருந்தது. அக்கா போனை வைத்துவிட்டு, "பாத்தியா, எம்பொண்ணு எனக்கு லீவு குடுத்துட்டா" என்றார். பிரசவத்துக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது.

மறுநாள் காலையில்தான் அந்தக் கூத்து நடந்தது. ஏழு ஐம்பதுக்கு ஈசிஜி அறைக் கதவு படாரென்று திறந்தது. அக்கா வெறுங்காலோடு தாளைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் ஓடினார். பேயறைந்த மாதிரி முகம். நான் அவருடைய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். எதற்குச் செருப்பை எடுத்தேன் என்று இன்று வரை எனக்குப் புரியவில்லை. இதய டாக்டர் அப்போதுதான் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

"சார், என் இதயம் வலது பக்கம் திரும்பிடுச்சு சார்!"

டாக்டர் தாளை வாங்கிப் பார்த்தார். "இது யாரு எடுத்தது?"

"நான்தான் சார்."

"யாருக்கு?"

"எனக்குத்தான் சார். முதல் வரியப் பாருங்க, தலைகீழா இருக்கு."

"நெஞ்சுல வச்ச ஆறு வரியும் சரியா இருக்கே, இதயம் திரும்பியிருந்தா அதுவும் மாறியிருக்குமே. சிவப்பை எந்தக் கையில போட்டீங்க?"

அக்கா இரண்டு கைகளையும் தூக்கினார். வலது கையைப் பார்த்தார், இடது கையைப் பார்த்தார். எத்தனையோ பெண்களைக் கை மாற்றிப் போட்டதற்காக வறுத்தெடுத்தவர், நடுங்குகிற விரலால் தனக்கே மாற்றிப் போட்டிருக்கிறார். போட்டது மட்டும் இல்லை, வந்த தாளைப் பார்த்ததும் பயிற்சிக்கு வந்த பெண்ணுக்குக் கூடத் தெரியும் விஷயம் அவர் மூளைக்கு எட்டவில்லை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. டாக்டர் சிரிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இதுக்கு முன்னாடி எத்தனை எடுத்திருக்கீங்க?"

அக்கா என்னைக் கை காட்டினார். செருப்பைக் கீழே போட்டுவிட்டுப் போய்க் கோப்பைக் கொண்டுவந்தேன். கோப்பு என்றா சொன்னேன்? இரண்டு கட்டுகள், இரண்டும் தலையணை தடிமன். டாக்டர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். அடியில் இருந்த பழைய தாள்களில் மை வெளுத்து, கோடே இல்லாமல் வெறும் கட்டங்கள்தான் இருந்தன.

"எல்லாம் நார்மல். இதை என்னைவிட உங்களுக்கே நல்லாத் தெரியும். அப்புறம் ஏன்மா?"

"தெரியுது சார். நம்பிக்கைதான் வர மாட்டேங்குது."

டாக்டர் ஒரு சீட்டில் எழுதி, மூன்றாவது மாடிக்குப் போகச் சொன்னார். எங்கள் மருத்துவமனையில் மூன்றாவது மாடி என்றால் மனநலப் பிரிவு. ஊழியர்கள் யாரும் அங்கே போகிறோம் என்று சொல்ல மாட்டார்கள், "ஒரு வேலையா மேல போறேன்" என்பார்கள். அக்கா வராந்தாவிலேயே நின்றுவிட்டார். "எனக்கென்ன பைத்தியமா?" என்றார். "பைத்தியம்னா அந்தக் கோப்பைக் கட்டிக் காத்த எனக்கும்தான். வாங்க, சேர்ந்தே போவோம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

மேலே இருந்த டாக்டருக்கு அக்காவின் மகள் வயதுதான் இருக்கும். பேசுவதைவிடக் கேட்பது அதிகம். கூட யாரையாவது வைத்துக்கொள்ள விருப்பமா என்று கேட்டார். அக்கா, "இவ இருக்கட்டும், இவளுக்குத் தெரியாதது எதுவும் இல்ல" என்றார். அது பொய் என்று அடுத்த பத்து நிமிடத்தில் தெரிந்தது.

அக்காவின் அண்ணன் இறந்ததும் அது மாரடைப்பு என்பதும் எனக்குத் தெரியும். பேருந்துச் சம்பவத்துக்கு ஆறு மாதம் முன்பு நடந்தது. எனக்குத் தெரியாத கதை இது. நெஞ்சு எரிகிறது என்று அண்ணன் இந்த மருத்துவமனைக்குத்தான் வந்திருக்கிறார். அக்காவேதான் ஈசிஜி எடுத்திருக்கிறார். தாளில் ஒரு கோளாறும் இல்லை. அண்ணன் எல்லோரையும் போல முகத்தைப் பார்த்திருக்கிறார். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து காத்த விதியை அக்கா அன்று ஒரே ஒரு தடவை மீறினார். "நார்மல்தாண்ணே, பயப்படாத." டாக்டர் ரத்தம் எடுக்க வேண்டும், இன்னொரு ஈசிஜி எடுக்க வேண்டும், இருங்கள் என்று சொல்லியிருக்கிறார். அண்ணன் சிரித்துக்கொண்டே, "தங்கச்சியே நார்மல்னு சொல்லிட்டா, அதுக்கு மேல என்ன" என்று சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் அவர் இல்லை.

"அன்னிக்கு நான் வாயத் திறக்காம இருந்திருந்தா அவர் உக்காந்திருப்பாரு டாக்டர்." இதைச் சொல்லும்போது அக்கா அழவில்லை. நான்தான் அழுதேன். அந்த மரக்கட்டை முகத்துக்குப் பின்னால் இப்படி ஒன்று இருக்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. அவரைக் கல்நெஞ்சு என்று நினைத்ததற்கு என்னையே அறைந்துகொள்ளத் தோன்றியது.

டாக்டர் கேட்டார். "அதனாலதான் நார்மல்னு வர்ற எந்தத் தாளும் உங்களுக்குப் பத்தல. இல்லையா?"

அக்கா தலையை மட்டும் ஆட்டினார்.

அப்புறம் அம்மாவைப் பற்றி விசாரித்தார். "எங்கம்மாவா? நான் ஸ்கூல்ல இருந்து பத்து நிமிஷம் லேட்டா வந்தா போதும், தெருமுனையில நின்னு அழுவாங்க." டாக்டர் குறித்துக்கொண்டார். இந்தப் பயம் ஒரே காரணத்தால் வருவதில்லை என்றார். கொஞ்சம் பிறப்பிலேயே வருவது, கொஞ்சம் நடந்தவற்றால் வருவது. தூக்கம் கெடுவது, மாதவிலக்கு நிற்கும் வயது, இவையும் சேர்ந்துகொள்ளும். "அதுக்கு மேல, பயத்தை அடக்க நாம பண்ற காரியமே பயத்துக்குத் தீனி போடும். முன்னாடி சொன்னதெல்லாம் நம்ம கையில இல்ல. இது இருக்கு." நெஞ்சு அடித்துக்கொள்வது நடிப்பா என்று அக்கா கேட்டார். அந்தக் கேள்வி எனக்கும் இருந்தது. "நடிப்பே இல்ல. நிஜமாவே அடிக்குது. விருந்தாளி வர்றாங்கன்னு வீட்டையே புரட்டிப் போடுறோம்ல? உடம்பு அப்படித் தயாராகுது. ஆனா யாரும் வரல. புரட்டிப் போட்டதெல்லாம் பழையபடி அடங்கக் கொஞ்ச நேரம் ஆகும். அந்தக் கொஞ்ச நேரத்துல நீங்க மெஷினைத் தேடி ஓடுறீங்க. அடங்குனதும் மெஷினாலதான் பிழைச்சோம்னு நினைக்கிறீங்க. தானா அடங்கும்கிறத நீங்க ஒரு நாளும் பார்த்ததே இல்ல."

ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். பலன் தெரிய மூன்று நான்கு வாரம் ஆகும், முதலில் படபடப்பு கூடினாலும் கூடும், தானாக நிறுத்தக் கூடாது என்றார். சொன்னபடியே முதல் வாரம் கூடியது. "விஷத்தைக் குடுத்துட்டாளோ" என்று அக்கா புலம்பினார். ஆனால் நிறுத்தவில்லை. ஈசிஜி ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு திங்கட்கிழமை மட்டும், பிறகு இல்லவே இல்லை. மார்பை இறுக்கிப் பிடிக்கும் வலியோ மயக்கமோ வந்தால் இதய டாக்டரிடம் போகலாம், இயந்திரத்திடம் போகக் கூடாது.

மருந்தைவிட வேடிக்கையாக இருந்தது பயிற்சி. எந்தப் படபடப்புக்குப் பயப்படுகிறாரோ அதை அவரே வேண்டுமென்று வரவழைக்க வேண்டும். மூன்று மாடிப் படி வேகமாக ஏறிவிட்டு நாடியைத் தொடாமல் நிற்க வேண்டும். சுழல் நாற்காலியில் ஒரு நிமிடம் சுற்ற வேண்டும். சுழல் நாற்காலி என் அறையில்தான் இருந்தது. அக்கா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சுற்ற, நான் கோப்பு அடுக்கைப் பிடித்துக்கொண்டு நிமிடம் எண்ண, நிர்வாக மேலாளர் உள்ளே வந்தார். பார்த்தார். வந்த காரியத்தை மறந்து அப்படியே திரும்பிப் போனார். அன்று அக்கா சிரித்தார், அப்படி ஒரு சிரிப்பை அவரிடம் கேட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. மகிழ்ச்சியாக இருந்தது.

கஷ்டமான பயிற்சி எனக்குத்தான். "என் முகம் வெளுத்திருக்கா" என்று கேட்டால் நான் பதில் சொல்லக் கூடாதாம். நல்லாத்தான் இருக்கீங்க என்று நான் சொன்ன ஒவ்வொரு தடவையும் அந்தக் கோப்பில் இன்னொரு தாளைச் சேர்த்தது போலத்தான் என்று டாக்டர் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. அன்பு என்று நினைத்துத்தானே இருபத்தாறு தடவை சொன்னேன்? நானோ வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள். முதல் நாள் அக்கா வந்து கேட்டதும், "எனக்குத் தெரியாதுக்கா" என்றேன். "பாத்துச் சொல்லுடி." "தெரியாதுக்கா." "கண்ணு இருக்குல்ல? பாத்துச் சொல்ல என்னடி கேடு?" மூன்றாவது தடவை சொன்னதும், "நீயெல்லாம் ஒரு மனுஷியா" என்று கேட்டுவிட்டுப் போனார். நான் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஒரு வார்த்தை சொன்னால் ஒருத்தி நிம்மதியாவாள் என்று தெரிந்தும் அந்த வார்த்தையை விழுங்குவது என்ன கொடுமை என்று அன்று புரிந்தது. அக்கா அதைத் தினமும் முப்பது பேரிடம் செய்துகொண்டிருந்தார்.

படபடப்பு பழகிய பிறகு பேருந்து. முதலில் ஒரு நிறுத்தம், போய்த் திரும்புவது. பயத்துக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று எழுத வேண்டும். குறையும் வரை இறங்கக் கூடாது. இரண்டு நிறுத்தம், ஐந்து நிறுத்தம், ஊர் எல்லை. எல்லாம் ஏறுமுகமாகப் போனது என்று சொன்னால் பொய். ஊர் எல்லையில் ஒரு நாள் பாதியில் இறங்கி, அவ்வளவு தூரமும் நடந்தே திரும்பி, "இது என் தலையெழுத்து, விடு" என்று இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மகளுக்கு அப்போது எட்டாவது மாதம். மூன்றாவது நாள் காலை நான் வேலைக்கு வந்தபோது அக்கா பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார். யாரும் போகச் சொல்லவில்லை.

பிரசவத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது கிளம்பினோம். மகளிடம் சொல்லவில்லை. திரும்ப நேர்ந்தால் அவள் இன்னொரு தடவை ஏமாறக் கூடாது என்றார் அக்கா. டாக்டரின் திட்டப்படி நான் மூன்று மணி நேரம் கூடப் போய், பேருந்து டீக்கு நிற்கும் இடத்தில் இறங்கித் திரும்பிவிட வேண்டும். மீதி மூன்று மணி நேரம் அவர் தனியாக.

ஊர் எல்லையைத் தாண்டும்போது அக்கா முன் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கட்டடங்கள் குறைந்தன. இரண்டாவது மணி நேரத்தில், பழைய வெட்டவெளி வந்தது. "வந்துடுச்சுடி" என்றார். நெற்றி வேர்த்திருந்தது. முகம் உண்மையாகவே வெளுத்திருந்தது, என்னத்தை மறைக்க.

"எத்தனைக்கா?"

"ஒம்பது."

"ம்."

"இறங்கிடலாம்டி. அடுத்த பஸ்ஸுல போயிடலாம். சத்தியமா போயிடலாம்."

நகத்தால் உள்ளங்கையைக் கீறிக்கொண்டிருந்தேன். பேருந்து போய்க்கொண்டே இருந்தது. "ஒம்பது" என்றார் மறுபடி. கொஞ்ச தூரம் போனதும், "எட்டு." பிறகு வெகு நேரம் முன் கம்பியை விடாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு பாலம் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார். "அஞ்சுடி. நான் ஒண்ணுமே பண்ணல. அஞ்சு ஆயிடுச்சு." வாழ்க்கையில் முதல் தடவையாக எதையோ பார்த்தவர் போல் இருந்தது அவர் குரல்.

டீக்கு நின்ற இடத்தில் நான் இறங்கினேன். அக்கா ஜன்னலோரம் மாறி உட்கார்ந்துகொண்டார். சுற்றிலும் ஒரு கடை, ஒரு தண்ணீர்க் குழாய், நெடுஞ்சாலை, அவ்வளவுதான். மருத்துவமனை என்று ஒரு பலகை கூடக் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இல்லை.

அன்று மாலை மகளிடமிருந்து எனக்குப் போன் வந்தது. பேச முடியாமல் அழுதுகொண்டே, "அம்மா வந்துட்டாங்க அக்கா, வாசல்ல நிக்கிறாங்க" என்றாள். நானும் அழுதேன். ஆனால் அக்கா போய்ச் சேர்ந்துவிடுவார் என்று எனக்கு மதியமே தெரிந்திருந்தது.

மதியம் அந்த டீக்கடையில் பேருந்து புறப்படுவதற்கு ஒலி எழுப்பியபோது நான் ஜன்னலுக்குக் கீழேதான் நின்றுகொண்டிருந்தேன். அக்கா என்னைக் குனிந்து பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். உதடு பிரிந்தது. முகம் வெளுத்திருக்கா என்று கேட்கப் போகிறார் எனத் தெரிந்து, நான் அவரிடமிருந்தே கற்றுக்கொண்ட மரக்கட்டை முகத்தை வரவழைத்துக்கொண்டு நின்றேன். உள்ளுக்குள் என் உறுதி எல்லாம் போய்விட்டிருந்தது. கேட்டிருந்தால் இந்தத் தடவை சொல்லியிருப்பேன், நல்லாத்தான் இருக்கீங்கக்கா, மகராசியா போயிட்டு வாங்க என்று. சக்கரம் உருளத் தொடங்கியது. அக்கா கேட்காமலே வாயை மூடிக்கொண்டார். இரண்டு கையாலும் ஜன்னல் கண்ணாடியைப் பிடித்து இழுத்தார். அது நகராமல் மக்கர் செய்தது. எழுந்து நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை இழுத்து, என் முகத்துக்கு நேராக அதை முழுவதும் சாத்தினார்.